பழைய கூடும் புதிய நெஞ்சும்

பொருள்கள் யாவும் தேய்வன. தேய்ந்ததை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது ஒரு வழி. தேய்ந்ததைத் தேய்ந்தவாறே துடைத்து வைத்துக் காட்சிப் பொருளாக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. தேய்ந்துபோன உறுப்பை மட்டும் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் வேறொன்றைப் பொருத்தி, பழையதைத் தொடர்ந்து உழைக்க வைப்பதே அவ்வழி. உலகில் எளிய மக்கள் பெரும்பாலும் இம்மூன்றாம் வழியிலேயே வாழ்கின்றனர். ஆயினும், சிந்தனையாளர்க்கு மிகுந்த இடர் தருவதும் இவ்வழிதான். எத்தனை உறுப்புகள் மாறும்வரை ஒரு பொருள் அதே பொருளாக நிற்கிறது? எந்த மாற்றத்தோடு அது வேறொன்றாகி விடுகிறது? மாற்றியவன் பழமையைக் காத்தவனா, அழித்தவனா?

இவ்வினாக்களைத் தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் சென்றால் அவை சாலையிலேயே எதிர்ப்படும். பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலேறினால் கியா பார்ம் வருகிறது. காய்கறிச் சந்தையும், படிப்படியாக வெட்டிய தோட்டங்களும், நெகிழிக் கூரையிட்ட பயிர்ப் பந்தல்களும் நிறைந்த ஊர் அது. அதனை அடுத்துச் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். அவற்றிற்கும் மேலே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலை. இப்பகுதியின் செங்குத்தான மண் தடங்களில் முட்டைக்கோசுக் கூடைகளையும் உர மூட்டைகளையும் சுமந்து ஏறியிறங்குபவை பழைய லேண்ட்ரோவர் வண்டிகள். அவற்றுள் பல அரை நூற்றாண்டைக் கடந்தவை. தட்டையான முகமும், சப்பிய பக்கங்களும், எங்கும் நெளிவுகளுமாக அவை தம் வயதை மறைக்காமல் நிற்கின்றன. ஆயின், முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், பல வண்டிகளில் உள்ளே இருப்பது இங்கிலாந்தில் செய்த எஞ்சின் அன்று. பிற்காலத்து ஜப்பானிய டீசல் எஞ்சின். கூடு ஒரு நாட்டினது. நெஞ்சு மற்றொரு நாட்டினது.

உழைக்கும் வண்டிகளோடு மற்றொரு வகையும் உண்டு. ஒதுக்கப்பட்டுக் கிடந்த பழைய வண்டியை வாங்கி, நெளிவு நீக்கி, புது வண்ணம் தீட்டி, புத்தம் புதிய எஞ்சினும் பொருத்தி, கண்டோர் வியக்க ஓட்டிச் செல்லும் ஆர்வலர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்களிடம் கேட்டால், “பழமையை மீட்டோம்” என்பர். பழமையில் தோய்ந்த வேறு சிலரோ, “பழமையைக் கெடுத்தீர்கள்” என்பர். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. எனினும் முயன்று பார்ப்போம்.

முதலில் இவ்வண்டியின் பிறப்பை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். அவருடைய பண்ணையில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய ஜீப் வண்டி ஒன்று இருந்தது. அதுபோல் உழவுக்கும் சுமைக்கும் உதவும் வண்டி ஒன்றைத் தம் நிறுவனமே செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1947ஆம் ஆண்டில் செய்யப்பட்ட முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின்மீது ரோவர் காரின் எஞ்சினைப் பொருத்தியே உருவாக்கப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எஃகு கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே உடற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். போர்க்காலத்தில் எஞ்சிய பச்சை வண்ணத்தையே தொடக்க கால வண்டிகளுக்குப் பூசினர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்று உளது. ‘ஒரு வண்டியின் கூட்டில் பிறிதொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்துவது அதன் தூய்மையைக் கெடுப்பதாகும்’ என்போர், அதன் முதல் மாதிரியே அத்தகைய பொருத்தத்தில் பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். இல்லாமையும் தேவையும் கூடிப் பெற்ற பிள்ளை அது. கிடைத்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்வதே அதன் பிறவிக் குணம். கேமரன் மலையின் பட்டறைக்காரர் ஜப்பானிய எஞ்சினைத் தூக்கி அதனுள் வைத்தபோது, அந்தப் பிறவிக் குணத்தையே தொடர்ந்தார் எனலாம்.

மலாயாவில் இவ்வண்டியைப் படையினரும் காவற்படையினரும் தோட்ட நிருவாகத்தினரும் பயன்படுத்தினர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காட்டுத் தடங்களில் அதன் பயன் மிகுதியாயிருந்தது. பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி 1971ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தை விட்டு நீங்கியது. படையினர் கழித்துவிட்ட வண்டிகள் பல உழவர் கைக்கு வந்தன. போருக்கெனச் சுமை ஏற்றியவை சோற்றுக்கெனச் சுமை ஏற்றலாயின. மழையும் பனியும் மாறாத மலையில் எஃகு உடல் விரைவில் துருவேறும். அலுமினியக் கூடோ நெடுங்காலம் தாங்கிற்று. திருகாணிகளால் இணைத்த தகடுகளைச் சிற்றூர்ப் பட்டறையிலேயே கழற்றி மாட்ட முடிந்தது. ஆனால், பழைய பெட்ரோல் எஞ்சின் எரிபொருளை மிகுதியாகக் குடித்தது. உதிரி உறுப்புகளும் அரிதாயின. அந்நிலையில் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தியது அழகுணர்ச்சியால் அன்று. அடுத்த நாள் காலையில் காய்கறி சந்தைக்குப் போயாக வேண்டும் என்னும் கட்டாயத்தால்.

இதே கதை வேறொரு தேயிலை மலையிலும் நிகழ்ந்துள்ளது. இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ வரை செல்லும் கரடுமுரடான பாதையில், 1950களில் செய்யப்பட்ட லேண்ட்ரோவர்கள் பல பதிற்றாண்டுகள் பயணிகளையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றன. அவற்றுள்ளும் சிலவற்றில் பிற்காலத்து இந்திய டீசல் எஞ்சின்கள் குடிபுகுந்தன. ஒருவரையொருவர் அறியாத இரு மலைகளின் மக்கள் ஒரே முடிவுக்கு வந்தனர் என்றால், அம்முடிவில் வாழ்க்கையின் நியாயம் ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ?

இனி, மெய்யியலாரிடம் வருவோம். கிரேக்க வரலாற்றாசிரியர் புளுடார்க், தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றிக் கூறுகிறார். ஏதென்சு நகரத்தார் அக்கப்பலைப் பேணி வந்தனர். பலகை இற்றபோதெல்லாம் புதுப் பலகை பொருத்தினர். இறுதியில் அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இவ்வழக்கை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று வினவினார். நம் நாட்டு மரபிலும் இதற்கு ஒப்பானது உண்டு. கிரேக்க மரபில் வந்த மிலிந்தன் என்னும் அரசனிடம், நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, “நீ ஏறி வந்த தேர் எது? சக்கரமா, அச்சா, நுகமா?” என்னும் பொருள்படக் கேட்கிறார். உறுப்புகளுள் எதுவும் தேரன்று. உறுப்புகளுக்கு அப்பால் தேர் என ஒன்றும் இல்லை. உறுப்புகள் கூடி இயங்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று அவர் உணர்த்துகிறார்.

கிரேக்கர் பலகையை எண்ணினர். துறவி பெயரை ஆய்ந்தார். நம் மக்களோ தேரை இழுத்தே இவ்வினாவுக்கு விடை கண்டனர். திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அத்தேர் 1926ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று. பின்னர்ப் புதிதாகச் செய்யப்பட்டது. இடையில் சில காலம் ஓடாமல் நின்று, 1970ஆம் ஆண்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளியின் பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சுகளையும், நீரழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் அதற்குச் செய்தளித்தது. மரம் மாறிற்று, அச்சு மாறிற்று, நிறுத்தும் முறையும் மாறிற்று. ஆயினும் வடம் பிடிப்போர் எவரும் அதனை ஆழித்தேர் அன்று என்று சொல்வதில்லை. ஏன்? அதே வீதியில், அதே பணிக்காக, அதே ஊரார் கையால் அது இழுக்கப்படுகிறது. பொருளின் தொடர்ச்சி அதன் மரத்திலும் இரும்பிலும் மட்டும் இல்லை. அது ஆற்றும் கடமையிலும், அக்கடமையை மறவாத மக்களின் நினைவிலும் உள்ளது என்பதை அவர்கள் நூல் கற்காமலே உணர்ந்திருந்தனர்.

இக்கருத்தை ஏற்றால், பழைய வண்டியில் புதிய எஞ்சினைப் பொருத்துவதில் குற்றம் யாதும் இல்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. மறுபக்கத்து வாதத்தையும் கேட்டல் நடுவுநிலைமை ஆகும். பழைய வண்டிகளைப் பேணும் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு, 2012ஆம் ஆண்டில் டுரின் சாசனம் என்னும் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964ஆம் ஆண்டில் தோன்றிய வெனிஸ் சாசனத்தை அது பின்பற்றியது. அக்கூட்டமைப்பின் கருத்துப்படி, வரலாற்று வண்டி எனப்படுவது குறைந்தது 30 ஆண்டு அகவை உடையதாய், வரலாற்றுக்கு இயைந்த நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாததாய் இருத்தல் வேண்டும்.

இவ்வரையறை கியா பார்ம் வண்டியை வெளியே தள்ளிவிடுகிறது. நாள்தோறும் உழைப்பதே அதன் குற்றமாகிறது! இது கேட்பதற்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், அச்சாசனத்தின் உட்கருத்தில் ஆழ்ந்த உண்மை உண்டு. பழைய எஞ்சின் ஓர் ஆவணம். அக்காலத்தார் இரும்பை எவ்வாறு வார்த்தனர், எரிபொருளை எவ்வாறு அளந்தனர், எதைச் சிக்கனமாகக் கருதினர் என்பவற்றை அது சொல்லும். அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டால், ஓலைச்சுவடியைக் கிழித்து அடுப்பெரித்தது போலாகும். அவ்வாறு எரிந்த ஓலைகள் எத்தனை என்பதைத் தமிழராகிய நாம் அறிவோம். எனவேதான், தவிர்க்க முடியாத மாற்றங்களைச் செய்வோர் அவற்றைப் பதிவு செய்யவும், பின்னாளில் மீட்கத்தக்க வகையில் செய்யவும் வேண்டும் என அத்தகைய நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் காணுதல் வேண்டும். நாளை வண்டி ஓடாவிட்டால் கூலி இல்லை என்னும் நிலையில் உள்ளவன் எஞ்சினை மாற்றுவது வேறு. வேண்டிய பொருளும் ஓய்வும் உடையவன் இன்பத்திற்காக மாற்றுவது வேறு. முன்னவனிடம் ஆவணத்தைக் காக்குமாறு கேட்பது, பசித்தவனிடம் விதைநெல்லின் மாண்பைப் பேசுவது போன்றது. பின்னவனிடம் அவ்வாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. கழற்றிய எஞ்சினை எண்ணெயிட்டுப் பொதிந்து வைப்பதும், செய்த மாற்றங்களை எழுதி வைப்பதும் அவனால் இயலும். இயலுமவனுக்கே கடமை மிகுதி. வறுமையின் மாற்றத்தையும் வளமையின் மாற்றத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று.

வண்டியைச் செய்த நிறுவனமே இவ்விரு வழிகளிலும் நடந்திருப்பது எண்ணத்தக்கது. பழைய மரபில் வந்த கடைசி வண்டி, ‘டிஃபெண்டர்’ என்னும் பெயரோடு, 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில், முதல் தலைமுறை வண்டிகள் 25ஐத் தேடியெடுத்து, பிறந்த நாளில் இருந்தவாறே மீட்டுத் தரும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. இரண்டாண்டு கழித்து, 2018இல், பழைய டிஃபெண்டர் வண்டிகளில் 405 குதிரைத்திறன் கொண்ட புதிய எஞ்சினைப் பொருத்தி 150 வண்டிகளை விற்க முன்வந்தது. 1948ஆம் ஆண்டின் முதல் வண்டிக்கு இருந்த ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான். பின்னர், 2019இல் புதிய டிஃபெண்டர் அறிமுகமாயிற்று. அதில் பழைய அடிச்சட்ட முறையே இல்லை, வடிவமும் வேறு, ஆலையும் ஸ்லோவாக்கியா நாட்டில் உள்ளது. நிறுவனத்தின் உரிமையோ 2008ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் டாட்டா குழுமத்தைச் சார்ந்தது. உறுப்பு எதுவும் பழையதன்று. பெயர் மட்டும் பழையது. அவ்வாறாயின், உடலைக் காத்து நெஞ்சை மாற்றிய மலைநாட்டு வண்டி மெய்யான வாரிசா, உடலையும் நெஞ்சையும் மாற்றிப் பெயரைக் காத்த புதிய வண்டி மெய்யான வாரிசா? ஹாப்ஸ் கேட்ட வினா இன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வினாவுக்கு ஒரே விடை கூறி எவரையும் வாயடைக்கச் செய்ய இயலாது. ஆனால், எந்த வகை மாற்றம் அறத்தோடு பொருந்தும் என்பதை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்க்கலாம்.

முதல் உரைகல் வாய்மை. மாற்றுவது குற்றமன்று, மாற்றியதை மறைப்பதே குற்றம். நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஒவ்வொரு வண்டிக்கும் அடிச்சட்ட எண் ஒன்று, எஞ்சின் எண் ஒன்று என இரண்டு எண்கள் பதிவுப் பத்திரத்தில் உள்ளன. எஞ்சினை மாற்ற விரும்புவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலைப் பெற்று, சோதனைக்கு உட்பட்டு, புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் மாறலாம் என்று சட்டம் இசைகிறது. ஆனால், மாறியதைச் சொல் என்கிறது. மெய்யியலார் ஈராயிரம் ஆண்டு முயன்றும் தீர்க்காத சிக்கலை ஓர் எழுத்தர் தம் பேனாவால் தீர்த்து வைப்பது போன்றது இது. இதற்கு மாறாக, புதிய எஞ்சினை மறைத்து, “தொட்டதே இல்லை, பிறந்தவாறே உள்ளது” என்று கூறி விற்பவன், வாங்குபவனை மட்டுமன்றிப் பழமையையும் ஏமாற்றுகிறான். அதேபோல், புதிய வண்டியில் பழைய பெயரைப் பொறித்து, “இதுவே உங்கள் பாட்டனார் ஓட்டியது” என்று உணர்ச்சியை விற்பதும் வாய்மைக்கு அணித்தன்று.

இரண்டாம் உரைகல் அடக்கம். பழைய லேண்ட்ரோவரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. அவை அக்காலத்து எஞ்சினின் சிறு ஆற்றலுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அச்சுத் தண்டுகளும் கியர்ப் பெட்டியும் அவ்வாற்றலுக்கே அளவாயின. அவ்வுடலில் இருமடங்கு வலிமையுள்ள எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பிரேக்கை மாற்றாமல் விட்டால், ஏறும்போது இன்பமாகத்தான் இருக்கும். இறங்கும்போதுதான் உண்மை தெரியும். கேமரன் மலையின் சாலைகளோ ஏற்றத்திற்கு நிகரான இறக்கம் உடையவை. தேர்ந்த பட்டறைக்காரர்கள் எஞ்சினைத் தொடுமுன் பிரேக்கைப் பார்ப்பர். மேற்சொன்ன 405 குதிரைத்திறன் வண்டியைச் செய்தவர்களும் அதன் பிரேக்குகளை வலுப்படுத்திய பின்னரே சாலைக்கு விட்டனர். திருவாரூரார் இவ்வறத்தில் அனைவர்க்கும் முந்தினர். அவர்கள் பழைய தேருக்குப் புதிய வேகம் தரவில்லை. புதிய பிரேக்கையே தந்தனர். தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று சிக்கியதற்காக அரசனே நெஞ்சு நடுங்கினான் என்னும் கதை வழங்கும் ஊர் அல்லவா அது!

அடக்கம் என்பது வண்டியின் பிரேக்கோடு முடிவதன்று. வலிமையான வண்டி எச்சரிவிலும் ஏறும். ஏற முடிகிறது என்பதனாலேயே அச்சரிவின் காட்டை வெட்டலாம் என்று பொருளாகாது. கேமரன் மலையில் காடு திருத்தப்பட்ட சரிவுகளிலிருந்து அரித்து வந்த மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பெருமளவு படிந்தது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மனிதன் தன் கருவிகளுக்கு ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகிறான். தன் ஆசைக்குப் பிரேக் பொருத்த மறந்துவிடுகிறான். கருவி ஒன்றைப் புதுப்பிக்கும்போது, அதனை இயக்கும் மனத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூன்றாம் உரைகல் நன்றி. இதுவே மூன்றினும் பெரிது. அழகுற மீட்கப்பட்ட ஒரு பழைய வண்டியைத் தேயிலைச் சரிவின் முன் நிறுத்திப் படம் எடுப்போர் பலர். அவ்வழகிய காட்சியில் இல்லாதவர் யார்? அவ்வண்டியின் பின்புறத்தில் கூடையோடு நின்று பயணம் செய்தவர். சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தள்ளியவர். இரவெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு பழுது பார்த்தவர். அவர்கள் பெயர் எந்தப் பதிவுப் பத்திரத்திலும் இல்லை.

இம்மலையின் வரலாற்றிலும் இதே நிலைதான். 1885ஆம் ஆண்டில் நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸலின் பெயரும் ஏட்டில் உள்ளது. காடு வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளரின் பெயர்களோ லயத்து வீடுகளின் சுவர்களோடு மறைந்தன. இன்று கையால் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் கொய்யும் பொறியும் வந்துள்ளன. தமிழர் நின்ற நிரைகளில் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் நிற்கின்றனர். வேறு மொழி, வேறு முகம். ஆனால், முதுகில் ஏறும் சுமை அதுவேதான். ஒரு வண்டியின் நெளிவை நீக்கப் பல்லாயிரம் வெள்ளி செலவிட அணியமாயிருக்கும் சமுதாயம், முதுகு நெளிந்த மனிதனை நினைக்கவும் கடமைப்பட்டது. பொருளை மீட்டு மனிதனை மறப்பது மீட்சி ஆகாது; அது வண்ணப்பூச்சு.

தேயிலைச் செடியே இதற்கு நல்லாசிரியன். அதனை அவ்வாறே விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும். ஆண்டுகள் சில கழிந்ததும், தொழிலாளர் அதனைக் கவாத்து வெட்டுவர். இலையும் கிளையும் போய், வெறுங்கட்டையாய் நிற்கும் செடியைக் காணப் புதியவர்க்குப் பரிவு தோன்றும். சில மாதங்களில் அதே கட்டையிலிருந்து இளந்தளிர் பொங்கி எழும். பல பதிற்றாண்டுகளுக்கு முன் நட்ட செடி இன்றும் கொழுந்து தருகிறது என்றால், இன்றைய கொழுந்தில் அன்றைய இலை ஒன்றேனும் இல்லை. வேர் உள்ளது, வேரைப் பற்றிய மண் உள்ளது, கவாத்து வெட்டத் தெரிந்த கை உள்ளது. எதை வெட்டலாம், எந்த அளவுக்குமேல் வெட்டலாகாது என்று அக்கைக்குத் தெரியும். புதுப்பித்தல் என்னும் கலை முழுவதும் அந்த ‘எந்த அளவு’ என்பதில் அடங்கியுள்ளது.

தமிழைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வண்டியின் கதை ஏன் என்று கேட்கலாம். நாம் ஏறியிருக்கும் வண்டியும் பழையது. நெஞ்சு மட்டும் காலந்தோறும் மாறி வந்தது. பழைய வழக்குகள் கழிவதும் புதியன புகுவதும் கால இயல்பு என்று பவணந்தியார் நன்னூலில் விதி வகுத்தார். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றபோது, யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரக் குறியீடு சில எழுத்துகளிலிருந்து மறைந்தது. பின்னர் மலேசியாவிலும் அவ்வரிவடிவம் பாடநூல்களில் இடம்பெற்றது. தமிழ் வேறு மொழியாகி விட்டதா? இல்லை. ஏனெனில், அம்மாற்றம் மறைவில் நடந்ததன்று, அறிவிக்கப்பட்டது. அளவோடு நின்றது. பழைய நூல்களைப் படிக்கும் வழியையும் அது அடைத்துவிடவில்லை. வாய்மை, அடக்கம், நன்றி என்னும் மூன்று உரைகற்களிலும் அது தேறியது.

இனி வரும் மாற்றங்கள் இன்னும் விரைவானவை. கணினியும் கைப்பேசியும் தமிழுக்குப் புதிய எஞ்சின்களாக வந்துவிட்டன. அவற்றை வேண்டா என்று தள்ளி, மொழியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவது, ஓடாத வண்டிக்கு மாலை சூட்டுவதாகும். அவற்றை அளவின்றி ஏற்று, இலக்கணம் என்னும் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டுத் தமிழ் என்னும் பெயரை மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொள்வதோ, பெயரை விற்றுப் பிழைப்பதாகும். இவ்விரண்டும் நமக்கு வேண்டா. தேய்ந்ததைத் தேய்ந்தது என்று ஒப்புக்கொள்வோம். மாற்றுவதை மாற்றினோம் என்று எழுதி வைப்போம். புதிய ஆற்றலுக்கு ஏற்ற புதிய கட்டுப்பாட்டையும் உடன் பொருத்துவோம். நமக்கு முன் இவ்வண்டியைத் தள்ளியவர்களின் தோள்களை மறவாதிருப்போம்.

கியா பார்ம் சரிவில் சுமையோடு ஏறும் பழைய வண்டியைப் பார்த்து, அது மெய்யான பழமையா என்று ஐயுறுவோர் ஐயுறட்டும். அதன் பின்னால் ஏற்றப்பட்ட காய்கறி எத்தனையோ இல்லங்களின் உலையில் வேகிறது. ஏற்ற கடமையை விடாது ஆற்றுவதும், தன் மாற்றத்தை மறைக்காதிருப்பதும், தன்னைச் சுமந்தவரை மறவாதிருப்பதும் பழமைக்கு உரிய பெருமைகள். அவை உள்ளவரை, பொருளாயினும் மொழியாயினும் மனிதராயினும், எத்தனை உறுப்பு மாறினும் தாம் தாமாகவே நிலைத்திருப்பர் என்பது திண்ணம்.